பட்டுக்கு ஒரு மாடி, பிள்ளைக்குச் சாக்கடை ஓரம்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் யாரும் நடப்பதில்லை. கூட்டமே ஆளைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைக்குள் விட்டுவிடும். அப்படி உள்ளே போன ஒரு குடும்பம் நான்காவது மாடியில் பட்டுப்பாவாடை பார்த்துக்கொண்டிருக்கிறது. பாட்டிக்குக் கத்தரிப்பூ நிறம் பிடித்துவிட்டது, அம்மாவுக்கு விலை பிடிக்கவில்லை, அப்பா முந்தைய மாடியில் எடுத்ததற்குப் பில் போடும் வரிசையில் நிற்கிறார். பாவாடைக்குச் சொந்தக்காரியான நான்கு வயதுப் பெண் அம்மாவின் முந்தானையை இழுத்து, "அம்மா, உச்சா வருது" என்கிறாள்.

அடுத்து நடப்பதைத் தமிழ்நாட்டில் பிள்ளை வளர்த்த எவரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். விற்பனைப் பெண் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்ப்பார். மேற்பார்வையாளர், "அது ஸ்டாஃப் டாய்லெட்டுங்க" என்பார். லிஃப்ட் நிரம்பி வழியும். கட்டைப்பைகளோடும் பிள்ளையோடும் படியிறங்கி வாசலுக்கு வந்தால் செக்யூரிட்டி, "பஸ் ஸ்டாண்டு பக்கம் போங்கம்மா" என்று கையை நீட்டுவார். அந்தக் கை காட்டும் தூரம் வரை பிள்ளை தாங்காது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஏசி எந்திரங்கள் அனல் கக்கும் ஒரு சந்தில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், அம்மா குழந்தையை உட்கார வைப்பார். சரியாக அந்த நேரத்தில் கடந்துபோகும் ஒரு பெரியவர், "படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, பொம்பளப் பிள்ளைய இப்படி நடுத்தெருவுல…" என்று பாதியில் நிறுத்தி, மீதியை முகத்தால் சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பெரியவர் அன்று எந்த மின்மாற்றிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தார் என்று அவரை யாரும் கேட்பதில்லை.

இந்தத் தலையங்கம் அந்தத் தாயின் பக்கம் நிற்கிறது. தெருவை அசுத்தம் செய்த குற்றம் அவருடையது இல்லை. ஏழு மாடி எழுப்பி, குடும்பம் குடும்பமாக மக்களை அழைத்து, மணிக்கணக்கில் உள்ளே வைத்துக்கொண்டு, கழிப்பறையை மட்டும் பூட்டி வைத்திருக்கும் பெருங்கடைக்காரர் முதல் குற்றவாளி. அதைப் பார்த்தும் பார்க்காமல் அவருக்கு உரிமம் கொடுத்துக்கொண்டே இருக்கும் நகராட்சி நிர்வாகம் இரண்டாவது குற்றவாளி. சந்தில் நடந்தது அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியம்.

"வீட்டை விட்டுக் கிளம்பும்போதே போகவைத்திருக்க வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பிள்ளையைத் தனியாக வெளியே அழைத்துப் போகாதவர்கள். போகவைத்துத்தான் அழைத்து வருகிறார்கள். ஆனால் சிறு பிள்ளையின் உடம்பு பெரியவர்களின் உடம்பைச் சுருக்கிச் செய்ததன்று. குழந்தை மருத்துவத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், அந்தப் பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்ளக்கூடிய அளவு ஏறத்தாழ மில்லிலிட்டரில் வந்துவிடும். நான்கு வயதுக்கு 180 மில்லி. ஆளானவருக்கு அது 400, 500 வரை போகும். கடை வாசலில் வாங்கிக் கொடுத்த ஒரு பாட்டில் பன்னீர் சோடாவே 200 மில்லி. மாம்பலம் வரை மின்சார ரயில், பிறகு கூட்டம், பிறகு நான்கு மாடி, பிறகு ஏசி குளிர். இதில் எந்தத் தாய் எந்தக் கணக்கைப் போட்டுக் கிளம்புவது?

அளவு சிறியது என்பதோடு முடியவில்லை. பகலில் சிறுநீரை அடக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் மெல்ல மெல்லத்தான் வருகிறது. ஐந்து வயதில்கூட எப்போதாவது நனைத்துக்கொள்வது இயல்பு என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். விளையாட்டிலோ வேடிக்கையிலோ மூழ்கியிருக்கும் குழந்தை, உடம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கையைக் கவனிக்காது. கடைசி எச்சரிக்கையைத்தான் அம்மாவிடம் வந்து சொல்லும். "இன்னும் கொஞ்ச நேரம் அடக்கிக்கோ கண்ணு" என்று சொல்லிப் பழக்கினாலும் ஆபத்து. அடக்கி அடக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வருகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது. பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பாதை குட்டை என்பதால் தொற்று இன்னும் எளிதாக ஏறுகிறது. ஆக, "உச்சா வருது" என்று ஒரு குழந்தை சொன்னால், சொன்ன நேரத்திலிருந்து மூன்று நான்கு நிமிடத்துக்குள் ஒரு கதவு திறந்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்டு என்று கைகாட்டுபவர் உதவி செய்யவில்லை, கைகழுவுகிறார்.

தியாகராய நகருக்குப் பணம் செலவழிக்க அரசுக்கு மனமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. கிரானைட் பதித்த அகலமான நடைபாதை, உட்காரப் பெஞ்சு எல்லாம் வந்தன. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 570 மீட்டர் நீளம், 28 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இரண்டும் நல்ல திட்டங்கள்தான். நடப்பவர்களுக்காக ஓர் அரசு யோசித்ததே பெரிய விஷயம் என்று நாமும் பாராட்டுகிறோம். ஆனால் இவை மக்களைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான திட்டங்கள். சேர்ந்த பிறகு அவர்களுக்கு ஓர் உடம்பு இருக்கும் என்பது வரைபடம் போட்டவர்களின் மனதில் எந்த அளவுக்கு இருந்தது என்பது வேறு கேள்வி.

கட்டடங்கள் பக்கம் போனால் சங்கதி இன்னும் கசக்கிறது. 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் விதிமீறிக் கட்டிய வணிகக் கட்டடங்களுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் மாநகராட்சியும் சீல் வைத்தன. தீயணைப்பு வண்டி போக வழியில்லை, பக்க இடைவெளி விடவில்லை, அனுமதி வாங்கியதைவிட மாடிகள் அதிகம் என்று அப்போது எல்லாக் கணக்கும் வெளியே வந்தது. வழக்குகள் நடந்தன, கடைகள் மறுபடி திறந்தன, வாழ்க்கை நடக்கிறது. அந்த அமளியில் மாடி எத்தனை என்று எண்ணினார்கள். வாடிக்கையாளருக்குக் கழிப்பறை எத்தனை என்பது பெரிய பேச்சாக எழவே இல்லை. தீ எப்போதாவது வருகிறது. உச்சா தினமும் வருகிறது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 வணிகக் கட்டடங்களில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்று அட்டவணை போட்டே சொல்கிறது. வரைபட ஒப்புதலுக்குப் போகும் தாளில் கழிப்பறைகள் அழகாக வரையப்பட்டிருக்கும். கட்டி முடித்த ஆறாவது மாதம் அந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பார்கள். அல்லது சுவரை இடித்து உள்ளாடைப் பிரிவை நீட்டியிருப்பார்கள். சதுர அடிக்கு வாடகை போகிற போக்கில் பீங்கானுக்கு இடம் விடுவது நட்டம் என்பது கடைக்காரரின் கணக்கு. கார் நிறுத்துமிடம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறார்கள். கழிப்பறை கழிப்பறையாகவே இருக்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரியைப் பார்த்தவர்கள் அபூர்வம்.

இதில் கடைக்காரர்களின் இரட்டை வேடம் ஒன்று இருக்கிறது. சிறுவர் பிரிவை எந்த மாடியில் வைப்பது என்பதை அவர்கள் அளந்து வைக்கிறார்கள். வாசலில் பலூன், எஸ்கலேட்டர் முடிவில் பொம்மை, பில் கவுன்ட்டர் பக்கத்தில் சரியாகப் பிள்ளையின் கண் உயரத்தில் சாக்லேட். ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு ஓடிவருவது குழந்தைதான். பிள்ளை அடம்பிடித்தால் பை கனக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். குழந்தையின் ஆசை வரைக்கும் அவர்களுக்கு வாடிக்கையாளர். குழந்தையின் சிறுநீர்ப்பை வந்ததும் அது பெற்றோரின் சொந்தப் பிரச்சினை.

இனி நாம் நிஜமாகவே கோபப்படும் இடத்துக்கு வருவோம். கழிப்பறையே இல்லாத கடைகளைவிட, ஆளைப் பார்த்துத் திறக்கும் கடைகள் மோசம். பெரிய நகைக்கடையில் ஐந்து பவுன் எடுக்க உட்கார்ந்தவரின் பேரனுக்கு உச்சா வந்தால் கதை வேறு. ஒரு பெண் ஊழியர் எழுந்து வந்து, "வாங்கம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று லிஃப்டைப் பிடித்து நிறுத்தி, விளக்கைப் போட்டு, வெளியே காத்து நிற்பார். திரும்பி வரும்போது பாதாம்பால் தயாராக இருக்கும். அதே கடை வாசலில் வெள்ளிக் கொலுசுக்குத் திருகாணி மாற்ற வந்த அம்மாவின் பிள்ளைக்கு வந்தால், "தண்ணி வரலைங்க". இரண்டு பிள்ளைகளின் சிறுநீரும் ஒன்றுதான். தண்ணீர் வருவதும் வராததும் பாட்டி போட்டிருக்கும் சங்கிலியின் எடையைப் பொறுத்திருக்கிறது.

மால்களின் கதையும் இதன் இன்னொரு பக்கம்தான். அங்கே கழிப்பறை இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது, சிலவற்றில் குழந்தைக்கு டயபர் மாற்றும் மேசைகூட இருக்கிறது. யாரையும் தடுப்பதில்லை என்று நிர்வாகம் சொல்லும். ஆனால் பூக்கூடையோடு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் பெண், தன் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவையும் மெட்டல் டிடெக்டரையும் தாண்டி உள்ளே போவாரா? போனால் செக்யூரிட்டி எதுவும் கேட்காமல் விடுவாரா? தடை என்று பலகை எழுதி வைக்கத் தேவையில்லாத தடைகளை உருவாக்குவதில் இந்தச் சமூகத்துக்குப் பல நூற்றாண்டுப் பயிற்சி இருக்கிறது. யார் எந்தத் தண்ணீரைத் தொடலாம், யார் எந்த வாசலில் நிற்கலாம் என்று தீர்மானித்த அதே கை, இன்று "கஸ்டமருக்கு மட்டும்" என்று எழுதுகிறது. பொருள் வாங்கியவருக்கே உடம்பு உண்டு என்கிற இந்த நியாயம் அநியாயம். இதில் இடைப்பட்ட நிலை எடுக்க இந்தத் தலையங்கத்தால் முடியவில்லை.

"ஸ்டாஃப் டாய்லெட்" என்று சொல்கிறார்களே, அந்த ஸ்டாஃபையாவது கேட்டுப் பாருங்கள். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் வந்தபோது அந்த ஊழியர்களின் வாழ்க்கையைப் பார்த்துத் தமிழ்நாடு கண்ணீர் விட்டது. பிறகு அதே கடைகளில் தீபாவளித் துணி எடுத்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் கண்ணீரோடு நிற்கவில்லை. விஜி என்ற தையல்காரப் பெண்ணின் முன்முயற்சியில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கேரளம் 2018-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்று பழகிய ஒரு பெண்ணிடம் போய், "பாப்பாவுக்கு உச்சா வருது" என்று சொன்னால், அவர் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்ப்பதில் வியப்பில்லை. தன் உடம்புக்கே அனுமதி கேட்க வேண்டியவர் அடுத்தவர் பிள்ளைக்கு எப்படி அனுமதி கொடுப்பார்? நம் தீர்ப்பில் அவர் குற்றவாளிப் பட்டியலில் இல்லை. அவரும் சாட்சிதான்.

எதிர்த்தரப்பையும் கேட்டுவிடுவோம். வணிகர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. திறந்துவிட்டால் பஜாருக்கு வருகிற எல்லோரும் இங்கேதான் வருவார்கள் என்கிறார்கள். வருவார்கள். டயபரைப் பேசினில் போட்டு அடைத்துவிட்டுப் போகிறார்கள் என்கிறார்கள். போகிறார்கள்; டிரையல் ரூமின் மூலையில் சுருட்டி வைத்துவிட்டுப் போகும் குடும்பங்களும் உண்டு, அதை நாம் நியாயப்படுத்தப் போவதில்லை. லாரித் தண்ணீர் விலைக்கு வாங்குகிறோம் என்கிறார்கள். கோடையில் அதுவும் உண்மை. ஆனால் இவை அனைத்தும் கழிப்பறையைப் பராமரிக்க ஆள் வேண்டும், செலவாகும் என்பதற்கான காரணங்கள். பூட்டி வைப்பதற்கான காரணங்கள் ஆகா. ஏழு மாடிக்கும் ஏசி ஓடுகிறது, எஸ்கலேட்டர் ஓடுகிறது, சினிமா நட்சத்திரம் விளம்பரத்தில் வந்து போகிறார். அந்தச் செலவுப் பட்டியலில் நல்ல சம்பளத்தோடு, கையுறையோடு, முறை மாற்றிக்கொள்ள இன்னொருவரோடு, இரண்டு துப்புரவுப் பணியாளர்கள் சேர்ந்தால் தொழில் முங்கிவிடாது. திறந்துவிட்டு, ஒரே ஆளைப் பதினான்கு மணி நேரம் பினாயில் வாளியோடு நிற்க வைப்பது வேறொரு பாவம். அதை நாம் கேட்கவில்லை.

நூறு சதுர அடியில் வளையல் கடை வைத்திருப்பவரை நாம் குற்றம் சாட்டவும் இல்லை. அவருக்கே கழிப்பறை இல்லை. அவரும் பூட்டைப் போட்டுவிட்டு எங்கேயோ ஓடுகிறார். மதுரை விளக்குத்தூண் சுற்றுவட்டாரம், திருச்சி சின்னக்கடை வீதி, கோவை ஒப்பணக்கார வீதி என்று பழைய கடைத்தெருக்களில் பெரும்பாலும் இருப்பவை ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறுகடைகள். அங்கே பொறுப்பு முழுவதும் உள்ளாட்சியின் தலையில்தான் விழும்.

உள்ளாட்சி என்ன செய்திருக்கிறது? செய்யவே இல்லை என்று சொன்னால் பொய். தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2-இல் தொடங்கியது. சரியாக ஐந்தாம் ஆண்டில், 2019 அக்டோபர் 2-இல், நாட்டின் கிராமப்புறம் திறந்தவெளி மலம் கழித்தலிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நம் ஊரிலும் 'நம்ம டாய்லெட்' என்ற பொதுக் கழிப்பறைகள் வந்தன. சென்னை மாநகராட்சி தன் பொதுக் கழிப்பறைகள் இலவசம் என்கிறது. இத்தனைக்கும் பிறகு, இலவசக் கழிப்பறை வாசலில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பத்து ரூபாய் வாங்குவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், கொடுத்தும் இருக்கிறோம். கையில் அழும் பிள்ளை, சில்லறை இல்லாத ஐந்நூறு ரூபாய்த் தாள், "சேஞ்ச் இல்லம்மா" என்கிற ஸ்டூல்காரர் என்று சேர்ந்தால் அது தனிச் சித்திரவதை.

உள்ளே போனால் குழந்தைக்கான எதுவும் இருக்காது. பெரியவர்களின் கால் அகலத்துக்குப் போட்ட பேசின். அதன் இரு பக்கமும் காலை வைக்க நான்கு வயதுப் பிள்ளைக்கு எட்டாது, விழுந்துவிடுவோம் என்று அலறும். தரை முழுக்க ஈரம், செருப்பைக் கழற்றவும் முடியாது, பையைக் கீழே வைக்கவும் முடியாது, மாட்டுவதற்குக் கொக்கி இல்லை, தாழ்ப்பாள் இல்லை, மக்கில் ஓட்டை. அம்மா பையைத் தோளில் மாட்டி, புடவையை இடுப்பில் செருகி, ஒரு கையால் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, காலால் கதவை மூடிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சர்க்கஸ் பார்க்கப் போனால்கூட இதற்கு டிக்கெட் வாங்குவார்கள்.

அப்பாவோடு வந்த பெண் குழந்தையின் நிலை இதைவிட மோசம். ஆண்கள் பக்கம் அழைத்துப் போனால் வரிசையாக ஆண்கள் நிற்கும் சுவரைத் தாண்டித்தான் உள்ளறைக்குப் போக வேண்டும். பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தால் அடி விழும். கடைசியில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கெஞ்சுகிறார். அந்த அக்காமார்கள் பெரும்பாலும் தயங்காமல் கூட்டிப் போகிறார்கள். இந்த நாட்டின் பொதுக் கழிப்பறை நிர்வாகம் பாதி அவர்களின் நல்ல மனதில்தான் ஓடுகிறது. ஆனால் பிள்ளையை அறியாதவர் கையில் கொடுக்காதே என்று ஒரு பக்கம் பாடம் நடத்திவிட்டு, இன்னொரு பக்கம் கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் ஒரு தகப்பனை நிறுத்துவது அரசின் தோல்வி. ஏழெட்டு வயது மகனோடு தனியாக வரும் தாய்க்கும் இதே தவிப்பு. ஆண்-பெண் என்று இரண்டு கதவுகளோடு மூன்றாவதாக ஒரு சிறிய குடும்பக் கழிப்பறை கட்டினால் இருவர் துயரமும் தீரும். சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கும் அதே கதவு உதவும்.

பிள்ளைகளுக்கான கழிப்பறை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். திருச்சியில் கிராமாலயா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு குடிசைப்பகுதிப் பெண்கள் தங்கள் சமுதாயக் கழிப்பிடங்களைத் தாங்களே நடத்திக் காட்டினார்கள். காசு வாங்கி, கணக்கு எழுதி, ஆள் போட்டுச் சுத்தம் செய்து. குழந்தைகளுக்கென்று சிறிய, ஆழம் குறைந்த பேசின்கள் வைத்த கழிப்பறைகளும் அங்கே உண்டாயின. நம் அங்கன்வாடிகளிலும் அத்தகைய குட்டிக் கழிப்பறைகளைக் கட்டியிருக்கிறோம். திருச்சியின் ஏழைத் தாய்மார்களால் யோசிக்க முடிந்ததை, கோடிகளில் புரளும் தியாகராய நகரால் யோசிக்க முடியவில்லை என்றால் பணத்தைக் காரணம் சொல்ல வழியில்லை.

வெளியே பார்க்கத்தான் வேண்டுமென்றால் கட்டடத்தை விட்டுவிட்டு ஏற்பாட்டைப் பார்க்கலாம். ஜெர்மனியில் ஆலன் என்ற சிறு நகரம் 2000-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கியது. கடைகளும் உணவகங்களும் தங்கள் கழிப்பறையை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். வாசலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பராமரிப்புக்கு நகராட்சி பணம் கொடுக்கும். புதிதாக ஒன்று கட்டிப் பராமரிப்பதைவிட அது மலிவு என்று கண்டு, ஜெர்மனியின் வேறு பல நகரங்களும் பின்பற்றின. லண்டனின் ரிச்மண்ட் பகுதியிலும் இதே வழி நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், குடல்நோயுள்ள ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கடையில் கழிப்பறை மறுக்கப்பட்ட பிறகு, 2005-இல் அத்தகைய நோயாளிகளுக்குக் கடைகள் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று சட்டமே வந்தது. இங்கே தெற்கு தில்லி மாநகராட்சி 2017 ஏப்ரலில், ஓட்டல்களும் உணவகங்களும் வாடிக்கையாளர் அல்லாதவருக்கும் கழிப்பறையைத் திறக்க வேண்டும், அதிகபட்சம் ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது; அதை உரிம நிபந்தனையோடு சேர்த்தது. உணவகக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பார்கள்தான்.

கழிப்பறை உடனே கிடைக்காத இடத்தில் குழந்தைக்கு அவசரம் வந்தால் ஊர் எப்படிக் கூத்தாடும் என்பதற்கு 2014 ஏப்ரலில் ஹாங்காங்கின் மாங்காக் கடைத்தெருவில் நடந்தது போதும். சீனப் பெருநிலத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, கழிப்பறையில் வரிசை நீண்டிருந்ததால் தெருவோரத்திலேயே தங்கள் சிறு குழந்தைக்கு வழிசெய்தார்கள். ஒருவர் படம் எடுத்தார், கைகலப்பு ஆனது, காணொளி பரவியது, இரண்டு சமூகங்கள் ஒன்றையொன்று வசைபாடின. நாகரிகம் இல்லாதவர்கள் யார் என்று விவாதித்த அளவுக்கு, அத்தனை பேர் வந்து போகும் தெருவில் வரிசை ஏன் அவ்வளவு நீண்டது என்று விவாதித்ததாகத் தெரியவில்லை. சந்தில் முகம் சுளித்துப் போனாரே, அந்தப் பெரியவரின் மனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

டயபர் போட்டுவிட்டால் போயிற்று என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். பிள்ளையைப் படாத பாடுபட்டுக் கழிப்பறைக்குப் பழக்கிய பிறகு, கடைத்தெருவுக்குப் போகும் நாளில் மட்டும் "இதிலேயே போ" என்றால் குழந்தைக்கு எது விளங்கும்? சென்னை வெயிலில் நாள் முழுக்க நனைந்த டயபரோடு திரிந்த பிள்ளையின் தொடை இடுக்கைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். அதோடு, ஒரு நகரம் தன் கடமையைப் பாக்கெட் போட்டுப் பெற்றோரிடமே விற்றுவிட்ட வெட்கக்கேடும் அதில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 15 அன்று, நீதிமன்ற வளாகங்களில் கழிப்பறை வசதி கோரிய வழக்கில், கழிப்பறை கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. குடும்ப நீதிமன்றங்களில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான கழிப்பறை வேண்டும் என்றும் சொன்னது. விவாகரத்து வழக்குக்கு வரும் குடும்பத்தின் பிள்ளைக்கு இருக்கும் உரிமை, தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் குடும்பத்தின் பிள்ளைக்கு இல்லாமல் போகாது.

எனவே தமிழக அரசும் உள்ளாட்சிகளும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். பல மாடிக் கடைகளின் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருக்கும் கழிப்பறை தரையிலும் இருக்கிறதா, திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று நேரில் பார்த்த பிறகே கையெழுத்திடட்டும். பட்டுப்பாவாடை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பத்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும், அதோடு வருபவருக்கும், கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் அந்தக் கதவு கட்டணமில்லாமல் திறக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக எழுதட்டும். சிறுகடைகள் நெருங்கிய தெருக்களில், ஒரு பிள்ளை நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்துக்குள், தாழ்ந்த பேசினும் கொக்கியும் தாழ்ப்பாளும் உள்ள குடும்பக் கழிப்பறை ஒன்றை மாநகராட்சி கட்டட்டும். இடமில்லாத தெருவில் இடமுள்ள கடைக்குப் பணம் கொடுத்துத் திறக்கச் செய்யட்டும். எங்கே இருக்கிறது என்பதைத் தெருமுனையில் படம் போட்டு எழுதி வைக்கட்டும்.

வணிகர் சங்கங்கள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடித் தள்ளுபடிக்குத் தேதி குறிக்கும் கூட்டத்திலேயே இதையும் முடிவு செய்யலாம். "எங்கள் கடையில் குழந்தைகளுக்குக் கழிப்பறை உண்டு, எல்லோரும் வரலாம்" என்று முதலில் பலகை வைக்கும் கடைக்குத் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் தரும் விளம்பரத்தை எந்த நட்சத்திரமும் தர முடியாது.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை பில் போடும் முன் மேற்பார்வையாளரிடம், "வாடிக்கையாளர் கழிப்பறை எந்த மாடியில்?" என்று கேளுங்கள். உங்களுக்குத் தேவை இல்லாவிட்டாலும் கேளுங்கள். "இல்லைங்க" என்று பதில் வந்தால், எடுத்த துணியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.